உண்ணிக் காய்ச்சலும் முந்திரிக் கொட்டை எண்ணெயும்

புதிதாக லேப் வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். வார்த்தை இருக்கிறது. நல்லதாக இருக்குமா என்றுதான் தெரியவில்லை. பெரம்பலூரிலும் அரியலூரிலும் மாறி மாறி ரத்தச் சோதனைக் குழாய்களோடு குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டார்கள். உங்களால் பிழைத்தவர்கள் எத்தனையோ பேர் என்று மைக்கில் பேசினார்கள். நான் மேடையில் உட்கார்ந்து பிழைக்காத ஒருத்தியை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

விலங்கிடமிருந்து மனிதனுக்கு வரும் நோய்கள் என்று பாடப் புத்தகத்தின் கடைசியில் ஒரு அத்தியாயம் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று சீனியர்கள் சொல்லியிருப்பார்கள், நீங்களும் புரட்டித் தள்ளியிருப்பீர்கள். பரீட்சைக்கு வராதுதான். வார்டுக்கு வரும். எலிக் காய்ச்சல், ஆடு மாடு ஈனும்போது கை வைத்தவர்களுக்கு வரும் காய்ச்சல், உண்ணிக் காய்ச்சல் எல்லாம் நம் பக்கத்தில் எப்போதும் இருப்பவைதான். டெங்கு என்றால் காலையில் மேலிடத்திலிருந்து போன் வரும், எத்தனை பேர், எந்த ஊர் என்று. உண்ணிக் காய்ச்சலை ஒருவரும் கேட்பதில்லை. கேட்காத நோய்க்குப் பரிசோதனைக் கிட் வராது. கிட் இல்லாவிட்டால் பரிசோதனை கிடையாது, பரிசோதனை இல்லாவிட்டால் கணக்கில் நோயாளியும் கிடையாது. நோயாளியே இல்லாத நோயை அடுத்த வருடம் யார் கேட்பார்கள்? இந்தச் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே எனக்குத் தலை நரைத்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புதர்க்காட்டில் எலிகளின் மேல் ஒட்டி வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு மனிதரைக் கடிப்பதால் வருவது இது. உண்ணி கண்ணுக்குத் தெரியாது, கடித்தால் வலிக்காது. சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு கட்டும். அதுவும் வலிக்காது. நேரத்தில் கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் போதும், எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்கிற மாத்திரை. நேரம் தவறினால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கைவிடும்.

நான் சொல்லும் சம்பவம் இந்த இரண்டு மாவட்டங்களில் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் நடந்தது. எது என்று ஆராய வேண்டாம், எங்கே நடந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஐப்பசி மழை விட்டு, பனி இறங்கத் தொடங்கியிருந்த சமயம். வார்டு முழுக்கக் காய்ச்சல், எல்லாரும் டெங்கு டெங்கு என்று அலறிக்கொண்டிருந்தோம். கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து மலர்க்கொடி என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பது வயதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், முந்திரிக் கொட்டை உடைக்கும் கொட்டாயில் வேலை. ஒரு வாரத்துக்கு மேல் காய்ச்சலை வீட்டிலேயே வைத்திருந்து, மெடிக்கல் ஷாப் மாத்திரை தின்று, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு வந்திருந்தாள். கணவன் சிமென்ட் லாரி ஓட்டிக்கொண்டு எங்கோ கேரளத்து ரோட்டில். கூட வந்தது அவன் தங்கை சுகந்தி. அண்ணியும் நாத்தனாரும் ஒரே கொட்டாயில் எதிரெதிரே உட்கார்ந்து உடைப்பவர்கள்.

டெங்கு பார்த்தோம், இல்லை. டைபாய்டு, மலேரியா, அவையும் இல்லை. அன்று வார்டு டியூட்டியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், அதே முந்திரிப் பக்கத்து வரதராஜன்பேட்டைக்காரி. கெட்டிக்காரி. பலர் நினைக்காததை அவள் நினைத்தாள், உண்ணிக் காய்ச்சலுக்கும் பார்க்கச் சொல்லி ரத்தம் அனுப்பினாள். ரத்தம் என் கைக்கு வந்தது. வந்து ஃபிரிட்ஜில் உட்கார்ந்தது.

ஏன் உட்கார்ந்தது என்று உங்களுக்குத் தெரியும், வெளியாட்களுக்குத் தெரியாது. அந்தப் பரிசோதனையை வரிசை வரிசையாகக் குழிகள் உள்ள ஒரு தட்டில் செய்கிறோம். ஒருவர் ரத்தத்தைப் பார்த்தாலும் ஒரு வார்டு ரத்தத்தையே பார்த்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க ஒதுக்கும் குழிகள் அதே எண்ணிக்கைதான். தனித்தனியாக ஓட்டினால், அதாவது பரிசோதித்தால், பாதிக் கிட் ஒப்பிடுவதற்கே போய்விடும். அதனால், கொஞ்சம் சேரட்டும், சேர்த்து ஓட்டலாம் என்பது எழுதாத சட்டம். டெங்குத் தட்டு காலையிலேயே நிறைந்துவிடும். உண்ணித் தட்டு நிறையாது, அதை நினைத்துப் பார்க்கிற டாக்டர்கள் அவ்வளவு பேர் இல்லை.

சுகந்தி மறுநாளே லேப் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். கையெல்லாம் கொட்டை எண்ணெய் ஏறிக் கறுத்த விரல்கள், அந்த விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சார், எங்க அண்ணி ரத்தம் பாத்தாச்சுங்களா?"

"இன்னும் இல்லம்மா. பாத்ததும் வார்டுக்கே அனுப்பிடுவோம்."

"நேத்தே குடுத்தாச்சே சார். ரத்தத்த வச்சுகிட்டு என்ன பண்றீங்க?"

தட்டு நிறையவில்லை என்று ஒரு நோயாளி வீட்டாரிடம் எந்த வாயால் சொல்வது? மதியமும் வந்தாள், சாயங்காலமும் வந்தாள். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சலாக வந்தது. அவள் மேல் இல்லை, ஆனால் அவளிடம்தான் காட்டினேன். ஜன்னலை மறைக்காதே, அந்தப் பக்கம் போய் உட்கார் என்றேன்.

அன்று சாயங்காலம் எங்கள் மேடத்திடம் போய் நின்றேன். மேடம் என்றால் லேபுக்குப் பொறுப்பான நுண்ணுயிரியல் டாக்டர். எனக்கு இந்த வேலையில் எது சரி எது தப்பு என்று கற்றுக்கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர், பெயர் போட்டால் திட்டுவார். இந்த ஒரு ரத்தத்தை மட்டும் ஓட்டிவிடலாமா என்று கேட்டேன்.

"போன வருஷம் இப்படித்தான் ஒவ்வொண்ணா ஓட்டினோம், ஞாபகம் இருக்கா?" என்றார். "மார்கழியில கிட் தீந்துபோச்சு. பொங்கல் வரைக்கும் வந்த எல்லாருக்கும் இல்லை இல்லைன்னு கையை விரிச்சோம். அதுல ஒரு பிள்ளைத்தாச்சி. அது முகம் எனக்கு மறக்கல. நீங்க சொல்லுங்க, யாருக்கு ஓட்டலாம், யாருக்கு வேண்டாம்?"

அவர் கொடுமைக்காரர் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கொடுமைக்காரராக இருந்திருந்தால் திட்டிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் சொன்னது அத்தனையும் சரி. இன்று இவளுக்கு ஓட்டினால், முகம் தெரியாத இன்னொருத்திக்கு மார்கழியில் இருக்காது. இந்த மாதிரி சரியான கணக்குகளை நம் தலையில் கட்டிவிட்டு, கிட் வாங்க வேண்டியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள்.

"சிகிச்சை ரிப்போர்ட்டுக்காக நிக்கக் கூடாது சார். சந்தேகம் வந்தா மாத்திரைய ஆரம்பிச்சிடணும். வார்டுல ஆரம்பிச்சிருப்பாங்க" என்றார் மேடம்.

அதுவும் சரி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஆரம்பித்திருப்பார்கள் என்று அவர் நினைத்தார், நானும் நினைத்தேன். வார்டிலோ, ரிப்போர்ட் வரட்டும் என்று நினைத்தார்கள். லேபுக்கும் வார்டுக்கும் நடுவில் ஒரு மாடிப்படிதான். அந்தப் படியில் யாரும் ஏறவில்லை, யாரும் இறங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் சுகந்தி வந்தபோது அவள் கேட்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். "மூச்சு வாங்குதுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து மேடம் அறைக்குப் போனேன். இன்றைக்கு ஓட்டப் போகிறேன் என்றேன், ஓட்டலாமா என்று கேட்கவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஓட்டுங்க. மார்கழிய அப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

தட்டில் பெரும்பாலான இடம் காலியாக இருக்க, மலர்க்கொடியின் ரத்தத்தை ஓட்டினேன். மதியத்துக்கு மேல் நிறம் வந்தது. மெஷின் காட்டும் எண்ணைப் படிக்கவே வேண்டியதில்லை, கண்ணுக்கே தெரிந்தது. அவ்வளவு மஞ்சள், நோய் இருப்பதன் அடையாளம். உங்களுக்கெல்லாம் ரிப்போர்ட் கம்ப்யூட்டரில் போனால் வேலை முடிந்தது. நான் கம்ப்யூட்டரையும் நம்பவில்லை, போனையும் நம்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே சுகந்தி இல்லை. முட்டி வலியோடு படியேறி ஓடினேன். அந்த வயதில் ஓட்டம் என்றால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் வார்டு வாசலில் ஸ்ட்ரெச்சர் வெளியே வந்துகொண்டிருந்தது. மலர்க்கொடி முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க், பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சுகந்தி. மூச்சுத்திணறல் அதிகமானதால் தஞ்சாவூருக்கு அனுப்புகிறார்கள். நான் அந்த டாக்டர் பெண்ணின் கையைப் பிடித்து, "உண்ணிக் காய்ச்சல்தாம்மா. டாக்சிசைக்ளின் ஆரம்பிச்சாச்சா?" என்றேன். அவள் முகம் வெளுத்துப்போனது. ஆரம்பிக்கவில்லை. ஓடிப்போய் அவளே ஊசி மருந்தை எடுத்துவந்து, ஆம்புலன்ஸில் ஏறி, பாட்டிலில் சேர்த்துத் தொங்கவிட்டு இறங்கினாள். தஞ்சாவூருக்கும் போன் போட்டுச் சொன்னோம். வண்டி போய்விட்டது.

வண்டி போன பிறகு வராந்தாவில் நின்று டாக்டர் பெண்ணிடம் கேட்டேன். "உடம்புல எங்கயாவது கருப்பா பொருக்கு இருந்துச்சாம்மா?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இடுப்புல, நாடா கட்டுற எடத்துல ஒண்ணு இருந்துச்சு சார். நான் பாத்தேன். என்னன்னு கேட்டேன். அந்த நாத்தனார் பொண்ணு, கொட்டை எண்ணெ பட்டு பொசுங்குனதுன்னு சொன்னாங்க. எங்க சின்னம்மாவும் கொட்டாய்லதான் சார் வேலை பாக்குது. அது இடுப்புலயும் அப்படியே இருக்கும். எண்ணெக் கையோட நாடா கட்டுவாங்க, பொசுக்கிடும். சின்ன புள்ளையிலேர்ந்து பாத்துகிட்டே இருக்கேன்."

முந்திரி ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து, கறுத்து, பொருக்கு கட்டும். கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டுதான் உடைப்பார்கள், அதற்கும் மீறிப் படும். அந்தப் பக்கத்துப் பெண்களின் கையிலும் காலிலும் இடுப்பிலும் கருப்பு இருப்பது செய்தியே இல்லை. டாக்டர் பெண் அசலூர்க்காரியாக இருந்திருந்தால், மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவளாக இருந்திருந்தால், அந்தப் பதிலை நம்பாமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்திருப்பாள். இவளுக்கு ஊர் தெரியும், வேலை தெரியும், அந்தக் கருப்பையும் தெரியும். தெரிந்ததுதான் கெடுத்தது. அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன்.

தஞ்சாவூரில் அவர்கள் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தார்கள். மருந்து போக வேண்டிய நேரம் கடந்திருந்தது. மலர்க்கொடி அங்கே போய் இரண்டாம் நாள் இறந்துபோனாள். கேரளத்திலிருந்து லாரியை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு பஸ் மாறி மாறி வந்த கணவன், உயிர் இருக்கும்போது வந்து சேரவில்லை. எனக்குச் செய்தி சொன்னது டாக்டர் பெண்தான். மேடத்திடம் நான் போய்ச் சொன்னேன். அவர் கிட் கேட்டு மறுபடியும் மேலே போன் போட்டார். வழக்கமான பதில் வந்தது. போனை வைத்துவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இதற்குள் உங்களில் சிலர் பாடத்தைக் குறித்துக்கொண்டிருப்பீர்கள். குறித்துக்கொள்ளுங்கள், நானும் சொல்கிறேன். உண்ணிக் காய்ச்சல் என்று சந்தேகப்பட்டு ஒரு ரத்தம் உங்கள் கைக்கு வந்தால், அதை ஃபிரிட்ஜில் வைப்பதற்கு முன்னால் வார்டுக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை ஆரம்பித்தாயிற்றா, பொருக்கு இருக்கிறதா, வலிக்கிறதா என்று கேளுங்கள். லேப் ஆளுக்கு இதெல்லாம் எதற்கு என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எண்ணெய் சுட்டது எரியும், உண்ணி கடித்தது எரியாது. இந்த ஒரு வித்தியாசத்தை யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஆனால் இதைச் சொல்வதால் எனக்கு மனம் ஆறுகிறது என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்பீர்கள், அப்போது கிட் இருக்காது. கிட் இருக்கும், அப்போது கேட்க ஆள் இருக்காது. நான் பார்த்தவரையில் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து, டாக்டர் பெண்ணும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டாய்க்குப் போனோம். யாரும் அனுப்பவில்லை, அவள்தான் கூப்பிட்டாள். உண்ணி கடித்த பொருக்கின் படத்தைப் பெரிதாக எடுத்துப் போயிருந்தோம். வறுத்த ஓட்டுப் புகை கண்ணைக் கரித்தது. பெண்கள் வேலையை நிறுத்தாமல் படத்தைப் பார்த்தார்கள். விறகுக்கும் சருகுக்கும் தோப்புக்குப் போய்வந்தால் உடம்பைப் பாருங்கள், இந்த மாதிரி கருப்பு வந்தால், கூடவே காய்ச்சல் அடித்தால், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வாருங்கள் என்று டாக்டர் சொன்னாள். வயதான ஒரு அம்மா சிரித்துவிட்டது.

"கருப்பு இருக்குற எடத்த காட்டச் சொல்றியே ஆயி, கருப்பு இல்லாத எடத்த வேணா காட்டுறோம். இந்தா பாரு." கையை நீட்டியது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கருப்பு.

எல்லாரும் சிரித்தார்கள். சுகந்தி சிரிக்கவில்லை. அவளுக்கு எதிரே இருந்த பலகையில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தாள். சுகந்தி எங்களைப் பார்த்தும் பார்க்காதவள் போலக் கொட்டையை வைப்பதும் கட்டையால் தட்டுவதுமாக இருந்தாள்.

டாக்டர் பெண்ணின் சின்னம்மா வீடு அங்கிருந்து பக்கம், அவள் அங்கே போய்விட்டாள். நான் டவுன் பஸ்ஸுக்காக ரோட்டுக்கு வந்து நின்றேன். பின்னாலேயே சுகந்தி வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அந்தக் கருப்புக்கு நான்தான் டெய்லி தேங்காண்ணெ தடவி வுட்டேன். டாக்டரம்மா கேட்டப்பவும் நான்தான் சொன்னேன், கொட்டை எண்ணெ சுட்டதுன்னு. அண்ணி பேசுற நெலமையில இல்ல. நான் அப்படி சொல்லாம இருந்திருந்தா எங்க அண்ணி பொழச்சிருக்குமா?"

தம்பிகளே, தங்கைகளே, வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் ஒரு ரிப்போர்ட்டையும் மாற்றிச் சொன்னதில்லை. பெரிய ஆட்கள் கேட்டும் சொன்னதில்லை. அவள் நல்லெண்ணத்தில் சொன்னது, அதை ஏற்றுக்கொண்டது டாக்டர், ரத்தத்தை வைத்திருந்தது நாங்கள், கிட் அனுப்பாதது மேலே இருப்பவர்கள். இதையெல்லாம் பஸ் ஸ்டாப்பில் நின்று பிரித்துச் சொல்லலாம். சொன்னாலும் அவள் காதில் விழப்போவது ஒன்றுதான். அதனால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பொய் சொன்னேன்.

"இல்லம்மா. நீ என்ன சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது. ஆஸ்பத்திரிக்கு வரும்போதே ரொம்ப முத்திப்போச்சு. ரத்தத்த பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு."

அவள் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைத்தேன், பெரிய பாரத்தை இறக்கி வைத்தது போல இருந்தது. பஸ் வளைவில் திரும்பி வருவது தெரிந்தது. நான் பையை எடுத்துக்கொண்டேன்.

"அப்பறம் எதுக்கு சார்," என்றாள் சுகந்தி, "அன்னிக்கு அப்படி மூச்சு வாங்க ஓடியாந்தீங்க?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறுங்க ஏறுங்க என்று கத்தினார். நான் ஏறி உட்கார்ந்தேன், அவள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.